அண்ணன் மகளிடம் சூடம் அணைத்து வாங்கிய சத்தியம்: அவள் என்ன செய்ய வேண்டும்?

வாழைத்தோப்புக்காரி
நவம்பர் 21, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பிறந்த ஊர் களக்காட்டுப் பக்கம். ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாது, மன்னிக்கவும். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. இங்கே பெரியவர்கள் இருக்கிறீர்கள், சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் அண்ணனிடம் ஒரு லோடு ஆட்டோ இருக்கிறது. வாழைத்தார் ஏற்றி நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய்வருவார். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பிளஸ் டூ, 17 வயது. சின்னவள் எட்டாம் வகுப்பு, 13 வயது.

போன வாரம் ஒரு சாயங்காலம் அண்ணனுக்குக் காய்ச்சல். தோப்பில் வெட்டிப்போட்ட தார் மழையில் கிடக்கிறது என்று மூத்தவன் வண்டியை எடுத்திருக்கிறான். சாவியை அண்ணனே கொடுத்தாரா, அவனாக எடுத்தானா என்பதில் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சின்னவளும் கூடப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது, சுற்றிய பீடியைக் கடையில் போடுவதற்காகச் சாலையோரம் நடந்து போன ஒரு அம்மாவை வண்டி இடித்துவிட்டது. "நிறுத்துண்ணே, நிறுத்துண்ணே" என்று இவள் கத்தியிருக்கிறாள். அவன் பயந்துபோய் இன்னும் வேகமாக ஓட்டிவிட்டான். இவள் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது சாலையில் சுளகு, அதுதான் பீடி சுற்றுகிற முறம், கவிழ்ந்து கிடந்ததாம். பீடிக் கட்டெல்லாம் மழைத் தண்ணீரில். பின்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான் 108க்குப் போன் செய்து அந்த அம்மாவை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். தொடை எலும்பு முறிவு.

அன்று இரவே அண்ணன் உடைந்த இண்டிகேட்டரை மாற்றி, நசுங்கிய இடத்தைத் தட்டி, வண்டியைத் தோப்புக்குள் தார்ப்பாய் போட்டு நிறுத்திவிட்டார். போலீஸ் வந்து தெருவில் விசாரித்தபோது "எங்க வண்டி ஒரு வாரமா ஓடல" என்று சொல்லிவிட்டார்.

இதற்கு மேல்தான் எனக்குத் தாங்கவில்லை. என் அம்மா, பிள்ளைகளுக்கு ஆச்சி, சின்னவளை இசக்கியம்மன் பீடத்துக்குக் கூட்டிப்போய், சூடத்தைக் கொளுத்தி, "வீட்டு விஷயம் வாசப்படி தாண்டாது"ன்னு சொல்லிக் கையால் அணைக்க வைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவின் பேத்தி இவளோடு ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இரவு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "நான் சொன்னா அண்ணனை ஜெயில்ல போட்ருவாவளா அத்தை? சொல்லலைன்னா அந்தப் பாட்டிக்கு யாரு செலவு பண்ணுவா? சூடம் அணைச்சுட்டேனே, இப்பம் உன்ட்ட சொன்னதுக்கே அம்மன் கண்ணைக் குத்திருமா?" என்று கேட்டாள். என்னால் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்ல முடியவில்லை. அவள் என்ன செய்ய வேண்டும்? உங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்துச் சொல்லுங்கள்.


ஆற்றங்கரையான்
நவம்பர் 21, இரவு 11:25

தங்கச்சி, நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. பிள்ளையை வாய் திறக்க விடாதீர்கள். தவறு நடந்தது நடந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு ஆக வேண்டியதை யார் மூலமாகவாவது கொடுத்து உதவுங்கள். பையன் படிப்பு முக்கியம். வீட்டைக் காட்டிக்கொடுத்த பிள்ளை என்று ஒரு பெயர் விழுந்தால் நம் ஊர்ப் பக்கம் அது கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். அவளுக்குச் சோறு போடுவதும் அந்த வீடுதான், படுக்கப் பாய் விரிப்பதும் அந்த வீடுதான். சொல்லிவிட்டு அன்று ராத்திரி அவள் எங்கே போவாள்?


பொதிகைச் சாரல்
நவம்பர் 22, காலை 6:10

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். பட்டிமன்றத்தில் இதைத்தானே வருஷா வருஷம் பேசுகிறோம். கும்பகர்ணன் அண்ணனுக்காகச் செத்தான், விபீஷணன் நியாயத்துக்காக அண்ணனை விட்டுப் போனான். எவ்வளவு கைதட்டினாலும் கடைசியில் நியாயத்தின் பக்கம் நின்றவன்தான் நிலைத்தான். அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லட்டும். தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னால் போதும்.


ஓய்வாசிரியை, அம்பை
நவம்பர் 22, காலை 7:45

பொதிகைச் சாரல், விபீஷணன் வளர்ந்த ஆள். கூட நாலு துணை இருந்தது, போய்ச் சேர ஒரு இடமும் இருந்தது. இவள் எட்டாம் வகுப்பு. பஸ்ஸுக்குக் கைக்காசு கிடையாது. பெரியவர்களுக்கான உதாரணத்தை இவள் தலையில் வைக்காதீர்கள்.

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். வீட்டு ரகசியத்தைச் சுமந்துகொண்டு வருகிற பிள்ளையை முதல் மணியிலேயே கண்டுபிடித்துவிடலாம். சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பிப் போகும். தினமும் கை தூக்குகிற பிள்ளை தூக்காது. வயிற்றுவலி என்று அடிக்கடி வெளியே போகும். நாம் கூப்பிட்டு "என்னடா ஆச்சு" என்று கேட்டால் அழாது, சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நமக்குத்தான் வயிறு கலங்கும்.

அம்மா வாழைத்தோப்புக்காரி, அவளிடம் மறுபடி மறுபடி கேட்டு விவரம் வாங்காதீர்கள். ஒரு தடவை சொன்னது போதும். "நீ சொன்னதை நான் நம்புகிறேன், இனி இது அத்தை பாடு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைச் சொன்னீர்களா? உங்கள் பதிவில் காணவில்லை.

பெஞ்சு மாற்றித் தரச் சொல்லி அவள் கேட்டாளா என்றும் பாருங்கள். கேட்டிருந்தால் உடனே வகுப்பாசிரியையிடம் பேசி மாற்றிக் கொடுக்கலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.


சுளகு
நவம்பர் 22, காலை 9:30

நான் முக்கூடல் பக்கம். என் அம்மா 40 வருஷமாகப் பீடி சுற்றுகிறவள். எங்களைப் படிக்க வைத்தது அந்தச் சுளகு. அதனால்தான் இந்தப் பெயரில் எழுதுகிறேன்.

எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறீர்கள். பேச வேண்டியதுதான். அடிபட்டவளைப் பற்றி யாரும் ஒரு வரி கேட்கவில்லை. தொடை எலும்பு முறிந்தால் பீடிக்காரிக்கு என்ன ஆகும் தெரியுமா? பீடி என்பது கையால் செய்கிற வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது காலால் செய்கிற வேலையும்தான். மடியில் சுளகை வைத்துக் காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி, காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார வேண்டும். காலை மடக்க முடியாதவளுக்குப் பீடி இல்லை. ஆயிரம் பீடிக்கு இத்தனை என்று கூலி. சுற்றாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. அன்று தண்ணீரில் போன கட்டுக்கு இலையும் தூளும் கடைக்காரர் கொடுத்தது. அது அவள் கணக்கில் கடனாக நிற்கும்.

ஆற்றங்கரையான் ஐயா, யார் மூலமாகவாவது கொடுத்து உதவச் சொன்னீர்கள். என் அம்மாவை ஒருவன் இடித்துப்போட்டுவிட்டு, யார் என்று சொல்லாமல் பணத்தைக் கொடுத்தனுப்பினால் நான் வாங்கமாட்டேன். அது பிச்சை. "நாங்கதான் இடிச்சோம், தப்பு எங்களுது" என்று வாசலில் வந்து நின்று கொடுத்தால் அது அவளுக்குச் சேர வேண்டியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவளுக்குத்தான் தெரியும்.


ஆற்றங்கரையான்
நவம்பர் 22, பகல் 1:15

சுளகு, நீ சொன்னது சரி. நான் எழுதியதில் அந்த அம்மா ஒரு செலவுக் கணக்காகத்தான் வந்தாள். தப்புதான், மன்னித்துக்கொள்.

ஆனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். இதை என் பெஞ்சாதிக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அப்போது 11 வயது. நாங்குநேரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல். பக்கத்து வயல்காரர் அப்பாவுக்கு வேண்டாதவர். ஒரு நாள் பின்னிரவில் சித்தப்பா என்னை டார்ச் பிடிக்கக் கூட்டிப்போனார். எல்லைக் கல்லைப் பெயர்த்து மூன்று முழம் தள்ளி நட்டார். நான் வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றேன். விஷயம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. கோயில் ஆலமரத்தடி. சித்தப்பா இல்லை என்றார். அப்பா தெரியாது என்றார். அப்புறம் ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை பொய் சொல்லாது, ஏலே நீ சொல்லு" என்றார். நான் சொல்லிவிட்டேன்.

கல் பழைய இடத்துக்குப் போனது. சித்தப்பா அன்றோடு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆச்சியைச் சித்தப்பா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். அவள் சாகிறபோது எங்களைக் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டுத்தான் போனோம். அப்பா என்னை அடிக்கவில்லை. ஆனால் அதுவரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தன் பக்கத்தில் எனக்கு இலை போடச் சொல்வார். அன்றிலிருந்து சொல்லவில்லை.

எனக்கு இப்போது 63 வயது. உண்மையைச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. கல் நகர்ந்தது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியும். ஆச்சிக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். கேட்ட பெரியவருக்கே தெரியும், அவர்தான் தினமும் அந்த வரப்பில் நடப்பவர். இத்தனை பெரிய ஆட்கள் வாயை மூடிக்கொண்டு 11 வயதுப் பையனை நடுவில் நிற்க வைத்தார்கள். என் ஆறாத புண் அதுதான்.

எனவே நேற்று சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். பிள்ளை சொல்ல வேண்டாம் என்பதில் இப்போதும் நிற்கிறேன். ஆனால் யாரும் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கச்சி, உங்களுக்கும்தான் இப்போது தெரியுமே.


வாழைத்தோப்புக்காரி
நவம்பர் 22, பகல் 2:05

ஐயா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் கேட்ட கேள்வியே தப்பு என்று தெரிகிறது. "அவள் என்ன செய்ய வேண்டும்" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணனை எதிர்த்துப் பேசினதே இல்லை. அப்பா போனபின் எனக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்தது அவர்தான். வருஷா வருஷம் பொங்கல்படி கொண்டுவருவதும் அவர்தான்.


வக்கீல் குமாஸ்தா
நவம்பர் 22, இரவு 8:50

பாளையங்கோட்டை கோர்ட்டில் 20 வருஷமாக ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். விபத்து வழக்குக் கட்டுகள்தான் என் கையில் அதிகம். அந்தப் பிள்ளையின் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அண்ணனை ஜெயிலில் போட மாட்டார்கள். 18 வயது ஆகாதவன். அவன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். பெரியவர்கள் கோர்ட்டோ சிறையோ கிடையாது. பெரும்பாலும் பெற்றோர் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு விசாரிப்பார்கள். "பையன் வாழ்க்கை போச்சு, கவர்மெண்டு வேலைக்குப் போக முடியாது" என்ற பயத்தில்தான் பல வீட்டில் மறைக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 24: இந்த மாதிரி வழக்கில் சிறுவன் செய்தது குற்றம் என்று முடிவானாலும் அதனால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. இதைச் சொன்னால் பாதி வீடுகளில் அழுகை நின்றுவிடும்.

மாட்டுவது உங்கள் அண்ணன்தான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் எடுத்துப்போனான் என்று நிரூபித்தால் பாதுகாவலர் தப்பலாம். அதனால் சாவியை யார் கொடுத்தது என்பது பெரிய கேள்வி. அதற்கும் ஒரு கதை கட்டி, அதையும் பிள்ளைகள் வாயில் திணித்துவிடாதீர்கள். உள்ளது உள்ளபடி போகட்டும். தார்ப்பாய் போட்டதும் இண்டிகேட்டரை மாற்றியதும் தடயத்தை மறைத்த கணக்கில் தனியாக வரும். நாள் ஆக ஆக அது கனக்கும், குறையாது.

இனி அடிபட்ட அம்மா. வண்டி எது என்றே தெரியாவிட்டால், இடித்துவிட்டு ஓடிய வழக்கில் படுகாயத்துக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது 50,000 ரூபாய். சாவுக்கே 2 லட்சம்தான். வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். வைத்தியம், போன கூலி, இனிமேல் போகப்போகும் கூலி, வலி எல்லாம் கணக்கில் வரும். ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லாததால் இன்சூரன்ஸ் கம்பெனி அப்படியே கையை விரித்துவிட முடியாது. 2004இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் சொன்ன வழிப்படி, கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வார்கள். அதாவது அந்த அம்மாவுக்குக் கிடைத்துவிடும், உங்கள் அண்ணன் தலையில் கடனாக நிற்கும். மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது புதுத் திருத்தம். நாள் ஓடுகிறது.

பிள்ளை சாட்சி சொல்ல வேண்டி வந்தால்: கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்த எந்த வயதுப் பிள்ளையும் சாட்சி சொல்லலாம். ஆனால் விசாரணைக்கு என்று பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. 15 வயதுக்குள் இருக்கிற பையனையும் கூடாது. இருக்கிற இடத்தில் வந்துதான் கேட்க வேண்டும். யாராவது அவளை ஸ்டேஷனுக்கு அழைத்தால் நீங்கள் மறுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இங்கே கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். 15100 என்று போன் எண். பிள்ளையை யாராவது வீட்டில் அடித்தாலோ மிரட்டினாலோ 1098.

கடைசியாக ஒன்று. விபத்து நடந்தால் ஓட்டியவர் அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்யணும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லணும். அது கடமை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்த லோடு ஆட்டோவில் அந்தக் கடமையை நினைத்தது "நிறுத்து" என்று கத்திய அந்தப் பிள்ளை ஒருத்திதான்.


பெயர் வேண்டாம்
நவம்பர் 22, இரவு 11:55

எனக்கு 26 வயது. 17 வயதில் நானும் ஒருவரை பைக்கில் இடித்திருக்கிறேன். தென்காசி ரோட்டில். அப்பா தான் ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிட்டார். வழக்கு முடிந்துவிட்டது. எல்லாரும் என்னை நன்றாகக் காப்பாற்றினார்கள்.

அடிபட்டவர் பஜாரில் கடை வைத்திருக்கிறார். ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். ஒன்பது வருஷமாக நான் அந்தக் கடை இருக்கும் தெருவில் போவதில்லை. சுற்றிப் போகிறேன். அவரிடம் போய்ச் சொன்னால் அப்பா பொய் சொன்னதாகிவிடும். அதனால் அதையும் செய்ய முடியாது. அந்தத் தங்கச்சி உண்மையைச் சொன்னால் அண்ணனுக்குத் துரோகம் என்று நினைக்கலாம். அவளிடம் சொல்லுங்கள், அப்படி இல்லை. என்னோடு பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் கூட்டாளி. அவன் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.


ஓய்வாசிரியை, அம்பை
நவம்பர் 23, காலை 6:20

தம்பி, ஒரு நாள் அந்தக் கடைக்குப் போங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வாழைத்தோப்புக்காரி, சூடம் பற்றி யாரும் பேசவில்லை. நமக்கு அது சின்ன விஷயம். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. நான் வேலை பார்த்த ஊர்களில் பிள்ளைகள் பரீட்சையைவிட இசக்கியம்மனுக்குத்தான் பயப்படும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாமி எதுவும் செய்யாது" என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். அவள் நம்புகிறாள். நம்புகிறவளிடம் அதே நம்பிக்கைக்குள் நின்று பதில் சொல்ல வேண்டும். சத்தியத்தை வாங்கினது யார்? ஆச்சி. அப்படியென்றால் ஆச்சிதான் அதை எடுக்க வேண்டும். அதே பீடத்தில்.


சுளகு
நவம்பர் 23, காலை 8:00

டீச்சர் சொன்னதுதான் சரி. முதலில் உங்கள் அம்மாவிடம் பேசுங்கள், அக்கா. அண்ணனிடம் அப்புறம்.


வாழைத்தோப்புக்காரி
நவம்பர் 27, இரவு 9:30

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஊரில் இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன். அம்மாவைத் தனியாகப் பிடிக்கவே அரை நாள் ஆனது. தொழுவத்தில் வைத்துப் பேசினேன். சட்டம் எல்லாம் பேசவில்லை. "அந்தம்மா சுளகு கவுந்து கெடந்துச்சுன்னு பிள்ளை தூக்கத்துல பொலம்புதும்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மாவும் பீடி சுற்றினவள்தான், எனக்குப் பத்து வயது ஆகும்வரை. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போட்டுவிட்டு வந்து, "நான் பேரனைத்தான் பாத்தேன் மக்கா, பேத்தியைப் பாக்கல" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் மூன்று பேரும் பீடத்துக்குப் போனோம். அம்மா குளித்து ஈரச் சேலையோடு வந்தாள். தேங்காய் உடைத்தாள். சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயே, புத்தி கெட்டு நான் வாங்குன சத்தியம். பிள்ளை தலையில வைக்காத. என்னோட போவட்டும்" என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டாள். பிள்ளை பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு "ஆச்சிக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா அத்தை?" என்று கேட்டது. அம்மாதான் பதில் சொன்னாள்: "எனக்கு என்னட்டி, நான் அவகிட்ட பேசிக்கிடுதேன்."

இதைப் போல அண்ணனிடம் நடக்கவில்லை. நான் சொன்னேன்: "நீ போய்ச் சொல்லு. இல்லைன்னா நான் போவேன். யாரும் பிள்ளைகிட்ட கேக்க வேண்டாம், எனக்குத் தெரியும்." அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்னைக் கட்டிக்கொடுத்த கடனை இப்பத்தான் அடைச்சு முடிச்சேன்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மதினி அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். கடுகு இருக்கிற கிண்ணத்தில் ஒரு துணிமுடிச்சு. உடைந்த இண்டிகேட்டர் துண்டுகள், ஆரஞ்சு நிறத்தில். முற்றத்தில் கிடந்ததைப் பொறுக்கி வைத்திருக்கிறாள். "தூரப் போட மனசு வரல. தெனமும் தாளிக்கும்போது பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள்.

மூத்தவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அப்பா, சாவி நீங்கதான் குடுத்தீங்க. ஆனா நிறுத்தாம வந்தது நான்" என்றான்.

திங்கட்கிழமை அண்ணனும் அவனும் வக்கீலோடு போய்விட்டு வந்தார்கள். குமாஸ்தா சார், நீங்கள் சொன்ன மாதிரியே பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், குழுமத்தில் ஆஜராக வேண்டும். அண்ணன் மேல் வழக்கு. வண்டியை எடுத்துப்போய்விட்டார்கள். சின்னவளிடம் கேட்கச் சாதாரணச் சேலையில் ஒரு பெண் போலீஸ் வீட்டுக்கு வந்தார். கால் மணி நேரம். நான் பக்கத்தில் இருந்தேன். அழாமல் சொன்னாள்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. பஸ் ஏறும்போது வாசலுக்குக்கூட வரவில்லை.


ஆற்றங்கரையான்
நவம்பர் 27, இரவு 10:15

சின்னவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பக்கத்தில் இலை போடுகிறாரா உங்கள் அண்ணன்? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.


வாழைத்தோப்புக்காரி
நவம்பர் 28, காலை 7:00

மதினியிடம் போனில் கேட்டேன் ஐயா. பேச்சு இல்லை. ஆனால் தட்டை அவரேதான் எடுத்து வைத்தாராம்.


சுளகு
டிசம்பர் 9, மாலை 5:40

அந்த அம்மா வீட்டுக்கு யாராவது போனீர்களா?


வாழைத்தோப்புக்காரி
டிசம்பர் 9, இரவு 8:15

போனோம். நானும் மதினியும் மூத்தவனும். கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். கட்டிலில்தான் இருக்கிறார். அவர் மகன் எங்களைப் பார்த்ததும் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். மூத்தவன் கட்டில் பக்கம் போய் "நான்தான் பாட்டி" என்றான். அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா நிறுத்தாமப் போன? மழையில எவ்வளவு நேரம் கெடந்தேன் தெரியுமா?" என்று கேட்டார். திட்டவில்லை. அவன் பதில் சொல்ல முடியாமல் நின்றான். மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. தீர்ப்பாயத்தில் மனுப் போட்டாயிற்று. கடையில் இருந்த தூள் இலைக் கடனை மதினி அடைத்துவிட்டாள்.

பேத்தி இன்னும் சின்னவளோடு பேசவில்லையாம். ஆனால் பெஞ்சு மாறவில்லை. இவள் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. டப்பா காலியாக வருகிறது என்று மதினி சொன்னாள்.


வாழைத்தோப்புக்காரி
ஜனவரி 13, இரவு 9:50

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அண்ணன் இப்போது இன்னொருவர் தோப்பில் கூலிக்குத் தார் வெட்டப் போகிறார். வண்டிக்குக் கட்ட வேண்டிய தவணை நிற்கிறது. என்னோடு பேச்சு இல்லை. இந்த வருஷம் பொங்கல்படி வராது என்று நானே கடையில் கரும்பு வாங்கி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் சத்தம். மூத்தவன் நிற்கிறான். தோளில் கரும்புக் கட்டு, கையில் மஞ்சள் குலை, பையில் பச்சரிசியும் வெல்லமும். சேரன்மாதேவி வந்து பஸ் மாறி, நின்றுகொண்டே வந்திருக்கிறான். "ஆச்சி குடுத்துவிட்டா" என்றான். அப்பா ஒன்றும் சொல்லலையா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினான்.

அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் கரும்பை அவிழ்க்க உட்கார்ந்தேன். வாழைநாரில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடித்துச் செருகிய முடிச்சு. எங்கள் வீட்டில் அந்த முடிச்சுப் போடத் தெரிந்தது அண்ணன் ஒருவருக்குத்தான்.